ஆறாவது எங்கே படிச்சா?

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். யாருக்கு மெடிக்கல் சீட்டு வரும், யாருக்கு வராது என்று கணக்குப் போட்டுச் சொல்பவர். முதலில் ஐந்நூறு ரூபாய் வாங்கி டிராயரில் போட்டார். என் மகள் நீட் மார்க் ஷீட்டை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“பாப்பா ஆறாவது எங்க படிச்சுது?”

“இங்கதாங்க, மாமல்லபுரத்துல,” என்றேன்.

முகத்தில் ஒரு வெளிச்சம். “ஏழாவது?”

“கர்நாடகா.”

பேனாவை மூடிவிட்டார். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும், மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார். ஒரு தாளில் மூன்று வரி எழுதினார். எம்.பி.சி. என்று போட்டு ஒரு டிக். ஓப்பன் என்று போட்டு ஒரு கேள்விக்குறி. அகில இந்திய ஒதுக்கீடு என்று போட்டு ஒரு பெருக்கல் குறி. “இந்த மார்க்குக்கு நம்ம கேட்டகிரியில போன வருஷம் சீட்டு போயிருக்கு. ஓப்பன்ல இழுபறி. ஆல் இந்தியாவுல வாய்ப்பே இல்ல.” மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் முதல் இரண்டு வரியின் மேலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “ஆனா ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டுல படிக்காதவங்க நேட்டிவிட்டி வெக்கணும். அது இல்லன்னா இந்த ரெண்டும் இல்ல. பாப்பா பிற மாநிலம்.”

பிற மாநிலம். நான் கேட்கிறேன், எந்த மாநிலம்?

நான் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவன். என் நைனா கட்டுமரம் தள்ளியவர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, வாந்தி. எட்டாவதோடு நிறுத்திவிட்டுப் பதினாலு வயசில் கல் பட்டறைக்குப் போனேன். உளி பிடித்த நாளிலிருந்து இன்றுவரை என் கையில் வேறு தொழில் இல்லை. என் மகள் பிறந்தது செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்ததுதான் 1965ல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி. அவள் முதன்முதலில் கண்ணைத் திறந்த வளாகத்துக்குள்தான் அந்தக் கல்லூரியின் நூறு எம்.பி.பி.எஸ். இடமும் இருக்கிறது. அதில் பதினைந்து அகில இந்தியாவுக்கு. மிச்சம் எண்பத்தைந்தும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அந்த எண்பத்தைந்துக்கு வரிசையில் நிற்கக்கூட அவளுக்கு உரிமை இல்லை என்று ஒரு தாள் சொல்கிறது. சரியாகச் சொன்னால், ஒரு தாள் இல்லாதது சொல்கிறது.

2019 ஜூனில் பஸ் ஏறினோம். பட்டறையில் ஆர்டர் படுத்துவிட்டது. பாதி வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது, மிச்ச வேலைக்குப் பத்துப் பேர் நின்றோம். பெங்களூரைத் தாண்டிப் பிடதி பக்கம் ஒரு கோயில் வேலை இருக்கிறது, குடும்பத்தோடு வா என்று மேஸ்திரி போன் பண்ணினார். கல் வேலைக்காரன் ஊர் விட்டுப் போவது புதுசில்லை. கணபதி ஸ்தபதி ஹவாய்த் தீவில் எழுப்பிய இறைவன் கோயிலுக்குக்கூட கல் செதுக்கியது பெங்களூருக்குப் பக்கத்தில்தான்; நம் ஆட்கள்தான் அங்கே தங்கி வருஷக்கணக்கில் உளி பிடித்தார்கள். கோயில் எங்கேயோ, அங்கே நாங்கள். எங்கள் பொழப்பே அதுதான்.

மகள் அங்கே ஏழாவது சேர்ந்தாள். அரசுப் பள்ளி. மூன்று மாதத்தில் கன்னடம் பேசினாள், ஆறு மாதத்தில் எழுதினாள். அந்த அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரம் வந்தார்கள். பிடதியில் பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்தோம். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் இரண்டு பேரும் கைகோத்து நின்றதும் என் மகள் “நம்ம ஊரு! நம்ம ஊரு!” என்று கன்னடத்துப் பிள்ளைகளிடம் குதித்தாள். அடுத்த மாதமே, நவம்பர் 29ல், எங்கள் ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாறியது. அதாவது நாங்கள் இல்லாத நேரம் பார்த்து ஊரே இடம் மாறிக்கொண்டது. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. வேலை இல்லை, திரும்பி வர வண்டி இல்லை. அரிசிக்காக அங்கே ரேஷன் கார்டு எடுத்தேன். ஸ்கூலுக்காக ஆதாரில் விலாசம் மாற்றினேன். அந்த இரண்டு காரியத்தைத்தான் இன்றைக்கு எனக்கு எதிராக மேஜைமேல் வைக்கிறார்கள். நாங்கள் அங்கே தின்ற அரிசி என் மகளின் சீட்டைத் தின்றுவிட்டது.

கர்நாடகத்திலேயே முயற்சி பண்ணலாமே என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டேன். அங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வருஷ பி.யு.சி. வரைக்குள் ஏழு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பி.யு.சி. இரண்டு வருஷம். விரல் விட்டு எண்ணுங்கள். ஆறு. நானும் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஆறுதான் வருகிறது. ஒரு வருஷம் முன்னால் பசித்திருந்தால் கர்நாடகத்துக்காரி ஆகியிருப்பாள். தமிழ்நாட்டில் ஆறாவது படித்த அந்த ஒரு வருஷம் இங்கேயும் உதவவில்லை, அங்கேயும் கெடுத்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் போகாமல் ஹைதராபாத் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். தெலங்கானாவில் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தொடர்ந்து நான்கு வருஷம் அங்கே படித்தால் உள்ளூர்ப் பிள்ளை. 2025 செப்டம்பர் முதல் தேதி சுப்ரீம் கோர்ட்டே அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரு மாநிலத்தில் நான்கு, ஒரு மாநிலத்தில் ஏழு, நம் மாநிலத்திலும் ஏழு, ஆனால் அது வேறு ஏழு. கல்லடிக்கப் போகிறவன் இந்த அட்டவணையை எல்லாம் பார்த்துவிட்டா பஸ் ஏறுவான்? மேஸ்திரி எந்த ஊர் சொல்கிறாரோ அந்த ஊர். சாயங்காலம் கூலி வருகிறதா இல்லையா, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த தகுதி.

சரி, நேட்டிவிட்டி என்றால் பிறப்பிடச் சான்றுதானே, வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். விதியைப் படித்தால் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. வெளியே படித்திருந்தாலும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்றால் பிறப்பிடச் சான்றும், அப்பா அம்மாவின் ஆதாரங்களும் காட்டி விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டிப் பதிவு பண்ணினேன். அது வி.ஏ.ஓ.வுக்குப் போய், ஆர்.ஐ.க்குப் போய், மேலே போகும். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. இன்னொரு சான்றுக்கு அங்கேதான் நான் போய் நிற்க வேண்டும்.

முதல் தடவை திரும்பி வந்தது. காரணம்: விண்ணப்பதாரர் தற்போது இவ்விலாசத்தில் வசிக்கவில்லை. நேரில் போனேன். என் எட்டாவது டி.சி., மகளின் பிறப்புச் சான்று, என் வாக்காளர் அட்டை எல்லாம் ஒரு மஞ்சள் பையில். அந்த அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“இன்னாங்க இது, மூணு பேப்பர்ல மூணு மாவட்டம் இருக்கு?”

இருக்கும். என் டி.சி. போட்டபோது ஊர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997ல் அது காஞ்சிபுரமாகவும் திருவள்ளூராகவும் பிரிந்தது. மகள் பிறந்தபோது காஞ்சிபுரம். இப்போது செங்கல்பட்டு. ஐயா, நான் நகரவில்லை, நீங்கள்தான் என் தலைக்கு மேலே பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டே இருந்தீர்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. “கவர்மெண்டு மாத்தினதுங்க,” என்றேன்.

“பொறந்தது இங்கன்னா போதாதுங்க. கல்பாக்கத்துல வேலை பாக்குற வடநாட்டுக்காரங்களுக்கும் இங்கதான் கொழந்த பொறக்குது. நீங்க இந்த ஊரா இல்லியா, அதுக்கு என்ன ஆதாரம்?”

அவர் கெட்டவர் இல்லை. டீ வாங்கித் தரச் சொல்லிக்கூட கேட்கவில்லை. மகளைப் பார்த்து “நல்லா படி கண்ணு” என்றும் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் கத்தியாவது இருப்பேன்.

என்ன ஆதாரம்? குப்பத்துக்கு வந்து கேளுங்கள், கிழவிகள் என் பட்டப்பெயரைச் சொல்வார்கள். எங்கள் வீட்டுச் சாவு எந்த வழியாகப் போகும், எங்கள் தெரு யாருக்கு அண்ணன் முறை, யாருக்கு மாமன் முறை, எல்லாம் அங்கே எழுதாமல் எழுதியிருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கும் ராத்திரி பஸ் பிடித்து வந்து ஓட்டுப் போட்டேன். அன்றைக்கு வாசலில் நின்று கும்பிட்டவர்கள் யாரும் “நீ எந்த மாநிலம்பா?” என்று கேட்கவில்லை. விரலில் மை வைக்கும்போது நான் உள்ளூர்க்காரன். என் பிள்ளை படிக்க வேண்டும் என்றால் மட்டும் விசாரணை.

கடற்கரைக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். டிக்கெட்டில் இந்தியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. பிற மாநிலத்தவர் என்று மூன்றாவது விலை கிடையாது. பல்லவன் கோயிலைப் பார்க்க இந்தியராக இருந்தால் போதும். என் மனைவி திருக்கழுக்குன்றத்துக்காரி. அங்கே மலைமேல் தினமும் உச்சிவேளைக்கு இரண்டு கழுகு வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போகும், காசியிலிருந்து வருகிறது என்பார்கள். இப்போது பல வருஷமாக வருவதில்லை. “அதுங்க கிட்டயும் நேட்டிவிட்டி கேட்டிருப்பாங்க,” என்றாள் அவள். ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அழுவதற்குப் பதிலாகத்தான்.

எங்கள் குப்பத்து வக்கீல் ஒருவர் செங்கல்பட்டு கோர்ட்டில் இருக்கிறார். ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா என்று கேட்கப் போனேன். அவர்தான் இது எவ்வளவு பழைய வியாதி என்று சொன்னார். அந்தக் காலத்திலேயே டெல்லிப் பையன் ஒருவன் இந்தூர் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறான்: உள்ளூர்ப் பிள்ளைக்கு நன்கொடைக் கட்டணம் இல்லை, வெளியூர்ப் பிள்ளைக்கு மட்டும் உண்டு, இது நியாயமா என்று. 1955ல் சரிதான் என்றது சுப்ரீம் கோர்ட். 1984ல் பிரதீப் ஜெயின் வழக்கு. இந்த நாட்டில் குடியுரிமை ஒன்றுதான், இந்தியா முழுக்க ஒரே வீடுதான் என்று நீதிபதி பகவதி உருக்கமாக எழுதினாராம். ஆனாலும் பின்தங்கிய ஊர்கள் இருப்பதால் உள்ளூர்ப் பிள்ளைக்கு ஓரளவு முன்னுரிமை கொடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதன் பின்னால்தான் எம்.பி.பி.எஸ்.ஸில் பதினைந்து சதவீதம் அகில இந்தியாவுக்கு என்று வந்தது. 2025 ஜனவரியில் மேற்படிப்பில் இந்த உள்ளூர் ஒதுக்கீடே கூடாது என்று தீர்ப்பு. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டும் இருக்கலாம்.

அவர் சொன்னதில் ஒரு வழக்கு மட்டும் என் தொண்டையில் நின்றுவிட்டது. ஆந்திராவில் தெனாலியில் பிறந்த ஒரு பையன். பழங்குடி. அவன் அப்பாவுக்கு உரக் கம்பெனியில் வேலை கிடைத்துப் பம்பாய்க்குப் போகிறார். பையனுக்கு அப்போது ஒன்பது வயசு. அங்கேயே படிக்கிறான், பன்னிரண்டு முடிக்கிறான், மெடிக்கல் காலேஜில் பழங்குடி இடம் கேட்கிறான். இல்லை என்றார்கள். 1990ல் சுப்ரீம் கோர்ட்டும் இல்லை என்றது. ஆந்திராவில் நீ பழங்குடி, மகாராஷ்டிராவில் இல்லை. மார்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்றார் வக்கீல். முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. என் மகள் வயசுப் பையன். அவன் அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டேன். “அதெல்லாம் தீர்ப்புல இருக்காதுப்பா,” என்றார்.

ஒன்று தெளிவாகச் சொல்கிறேன். இந்த விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மாநிலம் வரிப்பணத்தில் காலேஜ் கட்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், மொத்தம் முப்பத்தாறு. கதவைத் திறந்து போட்டால் ராஜஸ்தான் கோட்டா நகரத்து கோச்சிங்கில் லட்சக்கணக்கில் கட்டிப் படித்த பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடும், எங்கள் குப்பத்துப் பிள்ளைக்கு ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுப் பார்க்கக்கூட வராது. அது எனக்குத் தெரியும். பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகள் இரண்டு இடத்திலும் நேட்டிவிட்டி வாங்கி இங்கே சீட்டு பிடித்தார்கள் என்று புகார் எழுந்து வழக்கும் நடந்தது. அதற்கப்புறம்தான் சான்று பார்ப்பது இவ்வளவு இறுக்கமாகிவிட்டது என்கிறார்கள். இறுக்கட்டும். ஆனால் பாருங்கள், பொய் சொல்கிறவனிடம் எல்லாத் தாளும் கச்சிதமாக இருக்கும். அதற்காகத்தானே அவன் செலவு பண்ணுகிறான். உண்மையான ஊர்க்காரனிடம்தான் ஒன்று இருந்தால் ஒன்று இருக்காது. வலையைப் பின்னியது சுறாவுக்கு. மாட்டியது நெத்திலி.

இன்னொன்று. வெளி மாநிலத்துக்குப் போனவர்களுக்கு விதிவிலக்கே இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. ராணுவத்தில் இருந்தால், மத்திய அரசு வேலையில் மாற்றலாகிப் போனால், பல மாநிலங்களில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தனி வழி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். அவர்கள் ஆசைப்பட்டா போனார்கள்? ஆர்டர் வந்தது, போனார்கள். எனக்கும் ஆர்டர் வந்தது ஐயா. வயிற்றிலிருந்து வந்தது. அதில் சீல் இல்லை, கையெழுத்து இல்லை, மேஸ்திரியின் போன் நம்பர்தான் இருக்கிறது. அந்த நம்பரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டாவது தடவை விண்ணப்பித்தேன். நேரில் விசாரணை என்றார்கள். விசாரிக்க வேண்டியவர் லீவு. அடுத்து வந்தவருக்கு வாக்காளர் பட்டியல் வேலை. கலந்தாய்வுக்குச் சான்று ஏற்றக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு சாயங்காலம் ஐந்து மணி வரை மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆபீஸ் வேப்ப மரத்தடியில் நின்றாள். ஐந்தே காலுக்கு உள்ளே விளக்கை அணைத்தார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்பா, நான் மறுபடியும் ஏழாவதுலேர்ந்து இங்க படிச்சா ஒத்துப்பாங்களா?”

இதில் ஒரு கூத்து பாக்கி இருக்கிறது. மாடி ஆளிடம் மறுபடி போனேன், வேறு வழி இருக்கிறதா என்று. “இருக்கே,” என்றார். “தனியார் காலேஜ் மேனேஜ்மென்ட் கோட்டா. அதுக்குப் பிற மாநிலத்துக்காரங்களும் அப்ளை பண்ணலாம். நேட்டிவிட்டி யாரும் கேக்க மாட்டாங்க.” கட்டணத்தைச் சொன்னார். நான் வாழ்நாளில் செதுக்கிய சிலையையெல்லாம் விற்றாலும் முதல் வருஷத்துக்குக்கூடப் பத்தாது. அரசு இடத்துக்குக் கேட்டால் நாங்கள் பிற மாநிலம். பணம் கொடுத்து வாங்குகிறோம் என்றால் இந்தியர். எங்கள் ஊரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகவோ காட்டாங்குளத்தூர் வழியாகவோ பஸ்ஸில் போய்ப் பாருங்கள், கண்ணாடிக் கட்டடமாகத் தனியார் பல்கலைக்கழகங்கள். வாசலில் தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் கேட்கும். நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் ஆறாவது எங்கே படித்தாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.

நான் கல் தூசியில் இருமுகிறேன், அதைப் பார்த்துத்தான் அவள் டாக்டராக ஆசைப்பட்டாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சினிமாவுக்கு ஆகும். நிஜம் அது இல்லை. அவளுக்கு உயிரியல் பிடிக்கும். தவளைக்கு இதயத்தில் மூன்று அறை என்று எட்டாவதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், கன்னடப் புத்தகத்தில் படித்துத் தமிழில். அவ்வளவுதான் காரணம். ஒரு பிள்ளைக்கு ஒரு பாடம் பிடிக்கிறது என்பது போதாதா? இப்போது என் மாமியார் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை நீட்டுக்குப் படிக்கிறாள். சான்றுக்கு மூன்றாவது விண்ணப்பம் உள்ளே போயிருக்கிறது.

எனக்கு ஒரு பையன் இருக்கிறான். பிடதியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். அரையாண்டு லீவில் அவனையும் அவன் அம்மாவையும் ஊருக்குக் கூட்டிவந்துவிட்டேன். நடு வருஷத்தில் ஏன் மாற்றுகிறீர்கள் என்று அங்கே ஹெட்மாஸ்டர் கன்னடத்தில் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பையனுக்கு அங்கே கபடி டீம் இருந்தது, அழுதான். ஜூனில் அவன் ஆறாவது போவதற்குள் இங்கே இருந்தாக வேண்டும், பன்னிரண்டு முடியும் வரை இங்கிருந்து நகரக் கூடாது. அதுவரை நான் மட்டும் பிடதியில், ஷெட்டில், நாலு பேரோடு. மாதம் ஒரு தடவை வருவேன்.

ஸ்கூலில் சேர்த்ததற்குக் கொடுத்த ரசீதை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் லேமினேட் பண்ணினேன். இரண்டு பக்கமும். கடைக்காரப் பையன், “இது வெறும் ரசீதுண்ணா, இதுக்கு எதுக்கு?” என்றான். இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டேன்.